கயிற்றில் தொங்கும் உளியால் பாறையில் போர் போடுவது: முழுமையான வழிகாட்டி

திருச்செங்கோட்டு லாரி ரிக் ஒன்று வந்து நின்றால், விடிவதற்குள் சில நூறு அடி இறங்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். நான் எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. கனமான உளியைக் கம்பிக் கயிற்றில் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை நொறுக்கும் பழைய கயிற்று ரிக் பற்றி. காற்றழுத்தமும் இல்லை, சுழலும் பைப்பும் இல்லை. ஒரு சின்ன டீசல் எஞ்சின், கயிறு சுருட்டும் ஒரு விஞ்ச், ஒரு கப்பி, கீழே தொங்கும் இரும்பு, அவ்வளவுதான்.

இப்படி ஒரு ரிக்கை வாங்கியோ ஓரங்கட்டிய ஒன்றைச் சரிசெய்தோ ஓட்ட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தடுக்கி விழுகிறார்கள். எஞ்சினை வேகப்படுத்தினால் ஓட்டை வேகமாக இறங்கும் என்று நினைக்கிறார்கள். வேலையைச் செய்வது எஞ்சின் இல்லை, விழுகிற எடை. அது சரியாக விழும்படி பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

1. இந்த ரிக் எங்கே ஆகும், எங்கே ஆகாது

லாரி ஏற முடியாத மேட்டுக்காடு, தோப்புக்குள் சிக்கிய இடம், உருண்டைக் கல்லும் சரளையும் கலந்த நிலம், பாதியில் சரிந்த பழைய போரைத் தூர் எடுத்து ஆழப்படுத்துவது. இவை கயிற்று ரிக்குக்கு ஏற்ற வேலைகள். உருண்டைக் கல் உள்ள நிலத்தில் லாரி ரிக்கின் சுழலும் பிட், அதாவது துளைக்கும் முனை, வழுக்கிக்கொண்டே இருக்கும். விழுகிற உளி அந்தக் கல்லைப் பிளந்துவிடும்.

முழுக் கருங்கல்லில் 300 அடி வேண்டும், அதுவும் அடுத்த வாரத்துக்குள் வேண்டும் என்றால் லாரி ரிக்கையே கூப்பிடுங்கள். நல்ல கெட்டிப் பாறையில் எனக்கு ஒரு நாளைக்கு 3 அடி, 4 அடி கிடைத்தாலே திருப்தி. நிலத்துக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாலாம் நாள் காலையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

2. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி முதலில். போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாக எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்ன விதி. உள்ளாட்சி அனுமதியும் வேண்டும். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதை நிலத்துக்காரர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஊற்று என்று மட்டும் நான் விசாரித்து எழுதிக்கொள்வேன். எவ்வளவு கேசிங், அதாவது மண் சரியாமல் ஓட்டைக்குள் இறக்கும் குழாய், வாங்குவது என்பதற்கு அந்தக் கணக்குதான் ஆதாரம்.

கருவிகளைப் பொறுத்தவரை, 6 அங்குல ஓட்டைக்கு என்று வைத்துச் சொல்கிறேன்.

ஒரே அளவில் இரண்டு உளி. ஒன்று ஓட்டையில் இருக்கும்போது இன்னொன்று பட்டறையில் இருக்கும். ஒரே உளியோடு வேலையைத் தொடங்கினால் பாதி நாள் பட்டறை வாசலில்தான் போகும். மேல்மண்ணுக்கு மட்டும் 8 அங்குல உளி ஒன்று கூடுதலாக வேண்டும்.

உளிக்கு மேலே மாட்டும் ஸ்டெம். 4 அங்குல விட்டம், 12 அடி நீளம் உள்ள கெட்டி இரும்பு உருளை சுமார் 230 கிலோ வரும். அடியின் கனத்தைக் கொடுப்பது இதுதான். நீளமாக இருப்பதால் ஓட்டைக்குள் உளி சாயாமல் பிடித்துக்கொள்வதும் இதுதான். எடை போதும் என்று குட்டையான ஸ்டெம் போட்டால் ஓட்டை கோணும்.

ஸ்டெம்முக்கு மேலே ஜார். சங்கிலியின் இரண்டு கண்ணிகள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த, மேலும் கீழும் நகரும் இரும்பு. 1830-களில் அமெரிக்காவின் கனாவா பள்ளத்தாக்கில், உப்புநீர்க் கிணறு தோண்டிய வில்லியம் மோரிஸ் கொண்டுவந்தது. சாதாரண நேரத்தில் இது சும்மா தொங்கும். சிக்கிக்கொண்ட நாளில் இதுதான் காப்பாற்றும். எடையைக் குறைக்கிறேன் என்று இதைக் கழற்றி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டு பேருடைய உளி நிலத்துக்குள்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, கருவியைக் கயிற்றோடு இணைக்கும் சுழலும் ரோப் சாக்கெட், அதிலிருந்து கம்பிக் கயிறு. கயிறு இடது முறுக்குக் கயிறாக இருக்க வேண்டும். கடையில் கேட்காவிட்டால் வலது முறுக்குக் கயிற்றைத்தான் கொடுப்பார்கள். எடை ஏறும்போது எந்தக் கயிறும் கொஞ்சம் முறுக்கு அவிழும். வலது முறுக்குக் கயிறு அவிழும்போது உளியின் மரை கழலும் பக்கமாகச் சுற்றும். இடது முறுக்கு இறுகும் பக்கமாகச் சுற்றும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான முறை உளி விழும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் கழன்றால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெய்லர், அதாவது சேறு அள்ளும் குழாய். அடியில் ஒருவழி வால்வு உள்ள 4 அங்குலக் குழாய், 8 அடி நீளம் போதும். வால்வின் தோல் அல்லது ரப்பர் கிழிந்திருந்தால் மேலே வருவதற்குள் எல்லாம் ஒழுகிவிடும். வாளியில் வைத்துச் சோதித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள்: உளியின் அகலம் பார்க்க 6 அங்குல இரும்பு வளையம், பெரிய ஸ்பேனர் இரண்டு, ஓட்டை வாயை மூடப் பலகை, நோட்டு, பேனா, ஒரு கட்டி பார் சோப்பு. சோப்பு எதற்கு என்பது பிறகு.

3. ரிக்கை நிறுத்துவது

ஒரு முழு நாள் இதற்கே போனாலும் பரவாயில்லை. மேலே கப்பியின் விளிம்பிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விடுங்கள். அது விழும் இடம்தான் ஓட்டையின் மையம். முதலில் குழி தோண்டிவிட்டுப் பிறகு அதற்கு நேராக ரிக்கை நகர்த்துவது தலைகீழான வேலை. இரண்டு அங்குலம் தவறினாலும் சரிசெய்யச் சோம்பல் வரும். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். போகப் போக ஒன்றும் சரியாகாது.

கால்களுக்கு அடியில் மரக்கட்டை போடுங்கள். ரயில்வே ஸ்லீப்பர் கிடைத்தால் நல்லது. அடிக்கு அடி அதிர்வில் ஒரு கால் மட்டும் மண்ணில் இறங்கும். நாம் ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், காலைப் பார்க்க மாட்டோம். அதனால் தினமும் காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் தூக்குக்குண்டை மறுபடி விட்டுப் பார்ப்பது என் வழக்கம். மழை பெய்த மறுநாள் கட்டாயம்.

இழுகம்பிகளை எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தில் கட்டுங்கள். சுற்றிலும் வேலி போடுங்கள். வேலை நடக்கிற இடம்தானே, யார் வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வரும்.

பூசை போடுவதாக இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். கருவி தொங்க ஆரம்பித்த பிறகு எலுமிச்சம்பழம் வைக்கிறேன் என்று யாரும் அடியில் குனியக் கூடாது.

4. கருவியைக் கோர்ப்பது

கீழிருந்து மேலே: உளி, ஸ்டெம், ஜார், சாக்கெட், கயிறு.

மரைகளை டீசலில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு மணல்கூட இல்லாமல் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். கூம்பு வடிவ மரையில் தோள் தோளோடு முட்டி உட்கார வேண்டும். நடுவில் ஒரு சரளை மாட்டினால் இறுகியது போலத் தோன்றும், உண்மையில் இறுகியிருக்காது. இரண்டு ஸ்பேனரையும் போட்டு இரண்டு ஆள் தொங்கி இறுக்குங்கள்.

இறுக்கியதும் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் வெட்டுளியால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். மேல் பாதி ஒரு துண்டில், கீழ் பாதி அடுத்த துண்டில். கருவி மேலே வரும்போதெல்லாம் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அரை விரற்கடை விலகியிருந்தால் மரை கழல ஆரம்பித்துவிட்டது. பெயின்ட் கோடு சேற்றில் உரசி அழிந்துபோகும். வெட்டுக்கோடு போகாது.

சாக்கெட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லகுவாகச் சுற்ற வேண்டும். எடை ஏறும்போது கயிறு முறுக்கு அவிழ்ந்து உளியைச் சற்றுத் திருப்பும். உளி தரையைத் தொட்டு எடை இறங்கியதும் சாக்கெட் சுழன்று கயிறு பழைய முறுக்குக்குத் திரும்பும். இப்படி ஒவ்வொரு அடியும் கொஞ்சம் தள்ளி விழுவதால்தான் ஓட்டை வட்டமாக வருகிறது. சாக்கெட் துருப்பிடித்து நின்றுவிட்டால் உளி ஒரே கோட்டில் விழுந்துகொண்டிருக்கும். ஓட்டை சப்பையாகிவிடும், பெய்லர்கூட இறங்காது.

5. மேல்மண்ணும் கேசிங்கும்

தூக்குக்குண்டு காட்டிய இடத்தில் 5 அடி கைக்குழி தோண்டி, ஒரு வழிகாட்டிக் குழாயை நட்டு, நான்கு பக்கமும் ரசமட்டம் பார்த்து மண் இட்டு இடியுங்கள். 12 அடி ஸ்டெம் ஓட்டைக்குள் முழுதாக மறையும் வரை அதை நேராகப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. முதல் 15 அடியில் வந்த கோணல் கடைசி வரை வரும்.

இந்த ஆழத்தில் சின்னச் சின்ன அடியாகத்தான் போட வேண்டும். முழு வீச்சு, அதாவது கருவியைத் தூக்கிப் போடும் முழு உயரம், கொடுத்தால் உளி குழாயிலேயே மோதும்.

மேல்மண், சுக்கான், சரளை, மக்கிய பாறை எல்லாவற்றையும் 8 அங்குல உளியால் கடந்து கெட்டிப் பாறையைத் தொட வேண்டும். தொட்டதும் நின்றுவிடாதீர்கள். பாறைக்குள் இன்னும் 2 அடியாவது போய், அதில் 7 அங்குல இரும்பு கேசிங்கை உட்கார வையுங்கள். பாறையின் தலை பெரும்பாலும் விரிசல் விட்டு, பொருக்குப் பொருக்காக இருக்கும். அதன்மேல் கேசிங்கை நிறுத்தினால் ஓரத்தில் மண் கசிந்துகொண்டே இருக்கும்.

ஓட்டை சரிகிற நிலமாக இருந்தால் முழுதும் தோண்டிவிட்டு கேசிங் இறக்க முடியாது. கொஞ்சம் தோண்டி, கேசிங்கைக் கொஞ்சம் அடித்து இறக்கி, மறுபடி உள்ளே தோண்டி என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க்குத் தோண்டியபோது 16 அடியிலேயே சரளை சரிந்து ஓட்டை மூடிக்கொண்டது. 10 அடி வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, 32 அடியில் பாறை தட்டும் வரை அடித்து இறக்கினார். பிறகு குழாய்க்குள்ளேயே பாறையைத் துளைத்து, 69½ அடியில் எண்ணெய் கண்டார். நம் வேலையும் இதேதான். குழாயின் அடியில் கெட்டி எஃகு வளையம், தலையில் அடி வாங்கும் தொப்பி, ஸ்டெம்மில் சுத்தியலாக ஒரு கிளாம்ப். தொப்பி இல்லாமல் அடித்தால் குழாயின் வாய் மடங்கி, அடுத்த குழாயை மாட்ட முடியாமல் போகும்.

கேசிங் உட்கார்ந்ததும் 6 அங்குல உளிக்கு மாறுங்கள். மாறுவதற்கு முன் உளியைக் கேசிங்குக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை மெதுவாக இறக்கிப் பாருங்கள். எங்காவது நெளிந்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

6. அடி போடுவது

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

வீச்சு 2 அடி உயரம், நிமிடத்துக்கு 50 முறை என்று ஆரம்பியுங்கள். 2 அடி உயரத்திலிருந்து ஒரு பொருள் காற்றில் விழ ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகும், சேற்றுக்குள் அதைவிட அதிகம். எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் இரும்பு அதைவிட வேகமாக விழாது. உளி இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் மேலே இழுக்க ஆரம்பித்தால், பாறைக்குப் போக வேண்டிய அடி கயிற்றுக்கும், கப்பியைத் தாங்கும் மாஸ்ட்டுக்கும் போகும். மாஸ்ட் குதிக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து ‘நல்லா அடிக்குது’ என்பார்கள்.

வீச்சைக் கூட்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கெட்டிப் பாறையா, வீச்சு பெரிதாக, மெதுவாக. மிருதுவான பாறையா, சின்ன வீச்சு, கொஞ்சம் வேகம்.

கயிற்றின் நீளம் அடுத்தது. ரிக் நின்றிருக்கும்போது, வீச்சின் கடைசி அடிமட்டத்தில், உளி தரையைத் தொடாமல் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மேலேயே தொங்க வேண்டும். ஓடும்போது எடையின் வேகத்தில் கயிறு நீண்டு உளி தரையைத் தட்டும், தட்டிய நொடியே கயிறு சுருங்கி அதைத் தூக்கிவிடும். உளி பாறையில் உட்காரக் கூடாது, தொட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட மேஸ்திரி எஞ்சின் பக்கமே திரும்ப மாட்டார். ஓட்டை வாய் ஓரமாக ஒரு பெட்டியில் உட்கார்ந்து, கயிற்றில் உள்ளங்கையை வைத்திருப்பார். நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது, “எஞ்சினைப் பாக்காதடா, கயித்தத் தொடு” என்றார். தொட்டேன். முதலில் வெறும் அதிர்வுதான் தெரிந்தது. மூன்று நாள் கழித்துப் பிரித்து அறிய முடிந்தது.

சரியான நீளத்தில், கையில் ஒரே ஒரு சுத்தமான ‘டக்’ வரும், உடனே கயிறு விறைக்கும். கயிறு அதிகம் விட்டிருந்தால் ‘டக்’குக்குப் பிறகு ஒரு தளர்வு, பாம்பு நெளிவது மாதிரி ஒரு நடுக்கம். அப்போது உளி அடித்துவிட்டுச் சாய்கிறது என்று பொருள். ஓட்டை கோணும், கயிறும் முடிச்சு விழுந்து நையும். கயிறு போதவில்லை என்றால் ‘டக்’கே வராது, வெறும் இழுப்பு மட்டும் இருக்கும். உளி தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டை இறங்க இறங்க, ‘டக்’ மங்கும்போதெல்லாம் விஞ்சில் ஒரு சிட்டிகை கயிறு விடுங்கள். அரை அடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை வேண்டாம்.

கையை எப்போதும் விரித்துத்தான் வைக்க வேண்டும். விரல்களால் சுற்றிப் பிடிக்காதீர்கள். மோதிரம், கையுறை, தோளில் தொங்கும் துண்டு எதுவும் கூடாது. பிய்ந்த ஒரு கம்பி இழை போதும், கையைக் கப்பி வரை கொண்டுபோய்விடும். கயிற்றில் இழை பிய்ந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே அந்தப் பகுதியை வெட்டிவிட்டு சாக்கெட்டை மறுபடி போடுங்கள்.

சீனாவின் ஸிகோங்கில் மூங்கில் பட்டைக் கயிற்றில் உளியைக் கட்டி, பலகைமேல் ஆட்கள் ஏறி மிதித்தே 1835-ல் 1,000 மீட்டரைத் தாண்டியிருக்கிறார்கள். அந்த ஷென்ஹாய் கிணற்றை நினைத்தால் நம் எஞ்சினை முறுக்கத் தோன்றாது.

7. தண்ணீரும் சேறும்

ஊற்று கிடைக்கும் வரை ஓட்டைக்குள் நாம்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு குடம், அதாவது 30 லிட்டர் ஊற்றினால் 6 அங்குல ஓட்டையில் ஐந்தரை அடி உயரம் நிற்கும். நொறுங்கிய பாறைத்தூள் இதில் கலந்து மிதக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் தூள் அடியிலேயே மெத்தை போலப் படிந்து, உளி மெத்தையை இடித்துக்கொண்டிருக்கும்.

அதிகம் ஊற்றினாலும் தொல்லைதான். தூள் நீர்த்துப்போய் மிதக்காமல் படியும். கெட்டிப் பாறையின் தூள் கனம், சீக்கிரம் அடியில் உட்காரும். கொஞ்சம் களிமண் கரைத்து ஊற்றினால் தாங்கும்.

ஒரு அடி இறங்கினால் ஐந்தரை லிட்டர் பாறை தூளாகிறது. 3 அடிக்குப் பதினாறரை லிட்டர். நான் சொன்ன பெய்லர் ஒரு முறைக்கு 20 லிட்டர் அள்ளும். ஆகவே 3 அடிக்கு ஒரு முறை கருவியை மேலே எடுத்துவிட்டு, சேறு அள்ளிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே இழுப்பில் எல்லாம் வராது, நாலைந்து தடவை விட வேண்டும். சோம்பல்பட்டு 6 அடி, 7 அடி என்று தள்ளினால், சேறு கெட்டியாகி உளி விழும் வேகம் குறைந்துவிடும். அடி போடுகிறோம் என்ற திருப்தி மட்டும்தான் இருக்கும், ஆழம் இருக்காது.

ஒவ்வொரு முறையும் ஒரு கை சேற்றை எடுத்துக் கழுவி, மணலைப் பேப்பரில் காயவைத்து, எத்தனை அடி என்று எழுதி வையுங்கள். நிறம் மாறும் இடம், மணல் பெரிதாகும் இடம், திடீரென்று தண்ணீர் மட்டம் ஏறும் அல்லது இறங்கும் இடம், இதெல்லாம் விரிசலைக் காட்டும். லாரி ரிக்கில் புகையாகப் பறந்துபோகும் விவரம் இங்கே கையில் வருகிறது. அதை எழுதாமல் விடுவது வீண்.

8. உளி தேய்வது

கருங்கல்லில் உளி இரண்டு விதமாகத் தேயும். முனை மழுங்குவது எல்லோருக்கும் தெரியும், வேகம் குறைவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பக்கவாட்டில் தேய்வதுதான் ஆபத்து. 6 அங்குல உளி மெல்ல மெல்ல ஐந்தே முக்கால் ஆகும். ஓட்டையும் அதோடு கூம்பாகக் குறுகிக்கொண்டே போகும். வேகம் குறையாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்புறம் பட்டறையில் செப்பனிட்ட புது உளி வரும், சரியாக 6 அங்குலம். அதை எப்போதும் போலச் சரசரவென்று இறக்கினால் அந்தக் கூம்பில் ஆப்பு மாதிரி அடைத்துக்கொள்ளும். மேலே 400 கிலோவுக்குக் கிட்டத்தட்ட எடை வேறு உட்கார்ந்திருக்கும். 62 அடியில் எனக்கே இது நடந்தது. உளியை வெளியே எடுக்க மூன்று நாள் ஆயிற்று. தப்பு முழுக்க என்னுடையது, வளையத்தைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதனால்: கருவி மேலே வரும் ஒவ்வொரு முறையும் இரும்பு வளையத்தை உளியில் போட்டுப் பாருங்கள். வளையம் கிடுகிடுவென்று ஆடினால் மாற்றும் நேரம். எத்தனை அடியில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். புது உளியை இறக்கும்போது, கடைசியாக முழு அளவில் தோண்டிய ஆழத்துக்கு மேலேயே நிறுத்தி, அங்கிருந்து சின்ன வீச்சில் கொட்டிக் கொட்டிச் சுவரைச் செதுக்கியபடி இறங்குங்கள். அடிமட்டம் வரும் வரை முழு வீச்சு கொடுக்காதீர்கள்.

செப்பனிடும்போது பழைய முறையில் பழுக்கக் காய்ச்சி, ஓரங்களை அடித்து அகலப்படுத்தி, வளையத்தை வைத்துப் பார்த்து, துவைச்சல் கொடுப்பார்கள், அதாவது சூட்டோடு தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்குவார்கள். இப்போது கடினப் பூச்சு ராடு வைத்து வெல்டிங் செய்வதும் உண்டு. எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்திருந்தால் உளி ஒரு பக்கமாகவே ஓட்டையைத் தின்னும். கருங்கல்லுக்கு முனை மொண்ணையாக, தடிப்பாக இருக்கட்டும். கூர்மையாக வைத்தால் முதல் மணி நேரம் வேகமாகப் போகும், பிறகு முனை சிதறிவிடும்.

9. ஓட்டை கோணினால்

கோணல் முதலில் கயிற்றில் தெரியும். ஓட்டை வாயில் நடுவாகத் தொங்கிய கயிறு ஒரு பக்கமாக நகரும். பெய்லரின் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று உரசல் இருக்கும். மேலே ரிக் சாயவில்லை என்பதைத் தூக்குக்குண்டால் உறுதி செய்த பிறகும் கயிறு ஒதுங்கியே இருந்தால் ஓட்டைதான் கோணியிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் கயிற்றை அதிகம் விட்டது. இல்லையென்றால் சாய்வாகப் படிந்த பாறையோ, பாதி மிருது பாதி கெட்டியாக இருக்கும் இடமோ. உளி மிருதுவான பக்கம் வழுக்கும்.

தொடர்ந்து அடித்து நேராக்க முடியாது. கோணல் ஆரம்பித்த இடத்துக்கு மேலே 2 அடி வரை கெட்டிக் கருங்கல் சில்லுகளைப் போட்டு நிரப்புங்கள். பிறகு கயிற்றை விறைப்பாக வைத்து, சின்ன வீச்சில், மெதுவாக மறுபடி தோண்டுங்கள். உளிக்கு எல்லாப் பக்கமும் ஒரே கெட்டித் தன்மை கிடைப்பதால் நேராக இறங்கும். தோண்டிய இடத்தையே மூடுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். மோட்டாரை இறக்க முடியாத 150 அடி ஓட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

10. சிக்கிக்கொண்டால்

முதலில் சிக்காமல் இருக்க ஒரு விதி: எஞ்சினை நிறுத்தினால் கருவி அடியில் இருக்கக் கூடாது. டீக்கு, டீசல் ஊற்றுவதற்கு, போன் பேசுவதற்கு எதற்கு நிறுத்தினாலும் கருவியைச் சேற்றுக்கு மேலே தூக்கிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் தூள் படிந்து உளியைச் சுற்றி இறுகிவிடும். ஓட்டை வாயை எப்போதும் பலகையால் மூடுங்கள். ஸ்பேனர் விழுந்த கதை எல்லா ரிக்கிலும் ஒன்று இருக்கும்.

சிக்கிவிட்டதா, விஞ்சைப் போட்டு இழுத்துக்கொண்டே போகாதீர்கள். கயிறு அறுந்தால், கருவியும் போய், அதன் தலைமேல் கயிறும் சுருண்டு விழும். இப்போதுதான் ஜார். கயிற்றை ஒரு அடி தளர்த்துங்கள், மேல்கண்ணி கீழே இறங்கும். வெடுக்கென்று இழுங்கள், மேல்கண்ணி கீழ்க்கண்ணியைக் கீழிருந்து மேலாக அடிக்கும். தொடர்ந்து இழுப்பதில் அசையாத உளி இப்படிப்பட்ட சின்னச் சின்ன அடியில் அசையும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள்.

அறுந்தே போய்விட்டால், என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். ஓட்டைக்குள் நுழையும் அளவு மரக்கட்டை ஒன்றின் அடியில் சில ஆணிகளை அடித்து, அதன்மேல் பார் சோப்பைப் பிசைந்து அப்பி, கருவியின் தலையில் மெதுவாக உட்கார வைத்து எடுங்கள். சோப்பில் அச்சு விழுந்திருக்கும். சாக்கெட் நடுவில் நிற்கிறதா, சுவரில் சாய்ந்திருக்கிறதா, கயிறு மேலே கிடக்கிறதா எல்லாம் அதில் தெரியும். கயிறு கிடந்தால் முள் வைத்த கம்பி, சாக்கெட் நின்றால் அதன் கழுத்தைப் பிடிக்கும் கவ்வி. அச்சைப் பார்க்காமல் கண்டதையும் உள்ளே விட்டால், மீட்கப்போன கருவியும் உள்ளே போய்விடும். பிறகு எடுக்க வேண்டியது இரண்டாகிவிடும்.

11. தண்ணீர் வந்த பிறகு

ஊற்று தட்டினால் பெய்லரை விடும்போதே மட்டம் தெரியும். கயிற்றில் துணி கட்டி அடையாளம் வைத்து, ஒரு மணி நேரம் தொடர்ந்து அள்ளுங்கள். எத்தனை பெய்லர், மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்திய பிறகு எத்தனை நிமிடத்தில் ஏறியது, மூன்றையும் எழுதுங்கள். ‘ரெண்டு இஞ்ச் தண்ணி’ என்று வாயால் சொல்வதைவிட இந்தக் கணக்கைப் பார்த்து மோட்டார் வாங்கினால் காசு மிச்சம். தண்ணீர் தெளியும் வரை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கலங்கலோடு மோட்டார் இறக்கினால் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் ஒரு மாதம் தாங்காது.

கருவியைக் கழற்றிய அன்றே கேசிங்கைச் சுற்றி சிமென்ட் மேடை போடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள், இல்லையென்றால் போல்ட் போட்டு இறுக்கிய மூடி. கோணிப்பையும் கல்லும் மூடி ஆகாது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போருக்குள் விழுந்து குழந்தை சுஜித் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தண்ணீர் வரவில்லை என்றால், அடியிலிருந்து தரை வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிய பிறகுதான் ரிக்கின் இழுகம்பியை அவிழ்க்க வேண்டும். நிலத்துக்காரர் ‘நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க’ என்பார். நிரப்பி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.